குளிர்காலத்தில் வீட்டுக்கு அருகே இரண்டு நாள் நடைக்குப் புதிய பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

தடந்தேடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலையில் முதுகுப்பையுடன் கிளம்பி, ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்புவது ஆறு ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். மாதம் ஒருமுறையாவது போய்விடுவேன். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் எனக்குத் தெரிந்த பாதைகள் மூன்றே மூன்று. எந்தத் திருப்பத்தில் எந்த மரம் நிற்கிறது என்பதுவரை மூன்றும் மனப்பாடமாகிவிட்டன. அவற்றுள் இரண்டு 1,800 மீட்டர் உயரத்தில் முகட்டின் மேலேயே செல்பவை என்பதால், பனி பெய்யத் தொடங்கியதும் அங்கே செல்லும் சாலையே அடைபட்டுவிடும். மூன்றாவது பாதையில் இந்த ஒரே பருவத்தில் நான்கு முறை நடந்துவிட்டேன்.

இணையத்தில் தேடினால் எல்லாப் பட்டியல்களிலும் அதே புகழ்பெற்ற பாதைகள்தான் வருகின்றன. அவையும் பெரும்பாலும் கோடைக்கு உரியவை. பட்டியல்களை நம்பாமல், குளிர்காலத்துக்குப் பொருத்தமான ஒரு பாதையை வரைபடத்திலிருந்தே கண்டுபிடிக்க விரும்புகிறேன். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். என்னுடன் என் தங்கையும் வருகிறாள். குளிர்காலத்தில் அவள் வெளியே தங்கியது ஒரே ஓர் இரவுதான். எங்களிடம் ஒரு கார் மட்டும் இருப்பதால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பனிக்காலணி இல்லை. இப்போது எங்கள் பகுதியில் சூரியன் 7.40-க்கு எழுந்து 4.25-க்கு மறைகிறது. இரவில் வெப்பநிலை மைனஸ் 5 டிகிரிவரை இறங்கும். முதலில் எதைப் பார்ப்பீர்கள், எதை வைத்து ஒரு பாதையை ஒதுக்குவீர்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.

சமஉயரக்கோடு (மறுமொழி):

வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. நீங்கள் சொன்ன நேரங்களின்படி உங்களுக்குக் கிடைக்கும் பகல் எட்டே முக்கால் மணி நேரம். ஏறத்தாழ 45 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்களுக்கு டிசம்பர் பிற்பகுதியில் இவ்வளவுதான் கிடைக்கும். அதே இடத்தில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரத்தைத் தாண்டும். கோடையில் ஒரே நாளில் 20 கிலோமீட்டர் நடந்த கால்கள் இப்போதும் அதே கால்கள்தான், ஆனால் பகல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எனவே ‘எங்கே போகலாம்’ என்பதற்கு முன்னால் ‘எத்தனை மணிக்குக் கூடாரம் நிற்க வேண்டும்’ என்று முடிவு செய்யுங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக என்று நான் வைத்துக்கொள்வேன்.

அடுத்தது உயரம். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. உங்கள் 1,800 மீட்டர் முகட்டை விட்டுவிட்டு 600 மீட்டரில் நடந்தால் ஏறக்குறைய 8 டிகிரி வெம்மை உங்களுக்குக் கிடைக்கிறது. நம்மில் பலர் உயரமான இடங்களையே பாதை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அங்கே போகும் வழியில் கார்க் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுக் கடந்துபோகும் தாழ்ந்த குன்றுகளில்தான் குளிர்காலப் பாதைகள் இருக்கின்றன. கோடையில் வெயிலும் பூச்சிகளும் புதர்களும் அண்டவிடாத அந்தக் குன்றுகளில், இலை உதிர்ந்த இந்த மாதங்களில் காடு திறந்து கிடக்கும். கோடையில் பத்தடிக்கு அப்பால் தெரியாத நில அமைப்பு முழுவதும் கண்ணுக்குப் புலப்படும். எனக்கு மிகவும் பிடித்த நடைகள் எல்லாம் இத்தகைய, யாரும் பெயர் சொல்லாத குன்றுகளில்தான் அமைந்தன.

எனவே இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள், 300 முதல் 800 மீட்டர்வரை உள்ள பொது நிலத்தை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள். அதற்குள் தனித்தனியான இரண்டு பகல்நேர நடைபாதைகள் ஒன்றையொன்று நெருங்கிவந்து, ஆனால் சேராமல் நிற்கும் இடங்களைத் தேடுங்கள். இடையில் இருக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டரை ஒரு பழைய மரவண்டித் தடமோ, கால்வாய்க் கரையோ, தண்டவாளம் அகற்றப்பட்ட இரயில் பாதையோ இணைத்தால் உங்களுக்கு ஒரு வளையம் கிடைத்துவிடும். பட்டியல் போடுபவர்கள் இரண்டையும் இரண்டு பாதைகளாகவே எழுதியிருப்பார்கள் என்பதால், இந்த இணைப்பு பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இத்தகைய சிறு தடங்கள் பல பதிவாகியிருக்கின்றன. தன்னார்வலர்கள் வரைந்தவை என்பதால் ஒரு கோடு இருப்பதாலேயே அங்கே தடம் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பழைய நில அளவை வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயற்கைக்கோள் படம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சில நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடிப்பதால், மேகம் மறைக்காத படம் ஒன்று கிடைத்தால் பனி எந்த உயரம்வரை இறங்கியிருக்கிறது என்பதைப் புறப்படும் வாரத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் ஒற்றையடிப் பாதை தெரியாது, பனிக்கோடு நன்றாகத் தெரியும்.

சரிவையும் அளந்து பாருங்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளுக்கு இடையே 10 மீட்டர் உயர வேறுபாடு கொண்ட 1:25,000 வரைபடத்தில் (ஒரு சென்டிமீட்டர் தரையில் 250 மீட்டர்), ஒரு சென்டிமீட்டருக்குள் 14 கோடுகளுக்கு மேல் நெருக்கிக்கொண்டு நின்றால் அந்தச் சரிவு 30 டிகிரியைத் தாண்டுகிறது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிவரை உள்ள சரிவுகளிலேயே நிகழ்கின்றன. பனி தேங்கும் பகுதியாக இருந்தால் பாதை அந்தச் சரிவின் மேல் செல்லக் கூடாது, அதன் அடியிலும் செல்லக் கூடாது. இரவு தங்க, தண்ணீருக்கு அருகில் ஓடையோரமாகச் சமதளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும்.

கூதிர் (மறுமொழி):

மேலே எழுதியவர் பாதையைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் கடைசி வரியை மட்டும் ஏற்க இயலவில்லை. குளிர்காலத்தில் ஓடையோரச் சமதளம்தான் நான் முதலில் ஒதுக்கும் இடம்.

காற்றில்லாத தெளிந்த இரவில் நிலம் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அப்படிப்பட்ட இரவில் பள்ளத்தாக்கின் தரைதான் அந்தப் பகுதியிலேயே மிகக் குளிர்ந்த இடம். உயரே போகப் போகக் குளிர் கூடும் என்ற சராசரிக் கணக்கு அங்கே தலைகீழாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடையின் வளைவில், பஞ்சு மெத்தை போல இருந்த புல்தரையில் கூடாரம் அடித்தேன். இரவு முழுவதும் உறங்க இயலவில்லை. விடிந்து பார்த்தபோது கூடாரத்தின் உட்புறம் எங்கும் உறைபனி. தலையை நிமிர்த்தியதும் முகத்தில் உதிர்ந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டே சரிவில் ஏறியபோது, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கோடு கிழித்தாற்போல வெண்மை நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு புல்லின் நுனியிலும் உப்பு அப்பியது போலப் பனிப்பூ. மேலே புல் பச்சையாக, வெறும் ஈரமாக இருந்தது. நான் படுத்திருந்த இடத்திலிருந்து அந்தக் கோடு முப்பது மீட்டர் உயரம்கூட இருக்காது.

ஆகவே ஓடையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, தரையிலிருந்து 30 முதல் 60 மீட்டர்வரை மேலே, காற்றுக்கு மறைவான ஒரு படித்தளத்துக்கு ஏறிவிடுங்கள். வரைபடத்தில் நெருக்கமாகச் செல்லும் சமஉயரக் கோடுகள் சட்டென்று விலகி, மறுபடியும் நெருங்கும் இடம் எதுவோ அதுதான் படித்தளம். முகட்டின் உச்சிவரை போக வேண்டாம், அங்கே காற்று அடிக்கும்.

சூரியன் எந்தப் பக்கம் விழும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி வட அட்சரேகையில் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளின், அதாவது ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொண்ட நாளின், நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 22 டிகிரிக்கு மேல் எழுவதில்லை. அதைவிடச் செங்குத்தான வடக்குச் சரிவில் அன்று முழுவதும் நேர் வெயில் படாது. அங்கே ஒருமுறை உறைந்த தடம் வாரக்கணக்கில் கண்ணாடியாகவே கிடக்கும். தெற்குச் சரிவில் அதே நாளில் காய்ந்த இலைகளின் மேல் நடக்கலாம். தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். காலை வெயில் முதலில் படும் தென்கிழக்குச் சரிவில் கூடாரம் அடித்தால், ஞாயிறு காலையில் உங்கள் தங்கைக்கு எழுந்து வெளியே வர மனம் வரும். குளிர்காலத்துக்குப் புதியவர்கள் தளர்ந்துபோவது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

பொருள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் பாதைத் தேர்வோடு தொடர்புடைய இரண்டைச் சொல்கிறேன். மெல்லிய குழல்களால் ஆன நீர் வடிகட்டி ஒருமுறை நனைந்து, பிறகு உறைந்தால், குழல்கள் வெடித்திருப்பது வெளியே தெரியாது. அதன்பின் அது வடிகட்டுகிறது என்று நம்ப முடியாது. பகலில் சட்டைக்குள்ளும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளும் அதை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுங்கள். கொதிக்க வைப்பதானால் அடுப்பின் எரிவாயுவைக் கவனிக்க வேண்டும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாவதில்லை. ஐசோபியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரிவரை தாங்கும். உங்கள் மைனஸ் 5 டிகிரி இரவுக்கு ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த உருளையே சரி. கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பை மூட்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

சமஉயரக்கோடு (மறுமொழி):

ஓடையோரம் பற்றிய திருத்தத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். காற்று மிகுந்த பகுதியிலேயே நடந்து பழகியதால் பள்ளம் எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. தெளிந்த, அசைவற்ற இரவுக்குக் கூதிர் சொல்வதே சரி.

வழித்துணை (மறுமொழி):

வரைபடத்தில் அழகாக இருக்கும் பாதைகளில் பாதி, தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேட்டதும் விழுந்துவிடும். அந்த நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள்: அங்கே இரவு தங்க அனுமதி உண்டா, பாதை தொடங்கும் இடம்வரை சாலை குளிர்காலத்தில் திறந்திருக்குமா, வேட்டைக்காலம் நடக்கிறதா, இணைப்புத் தடம் தனியார் நிலத்தின் வழியாகச் செல்கிறதா. தாழ்ந்த குன்றுகளில் தனியார் நிலமும் பொது நிலமும் துண்டு துண்டாகக் கலந்து கிடப்பதால் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. வேட்டைக்காலமாக இருந்தால் வேறு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தை உடையிலும் பையிலும் அணியுங்கள்.

சாலையைப் பற்றி நான் கேட்கத் தவறிய ஒருமுறை, சனிக்கிழமை காரை நிறுத்திய மண்பாதையில் இரவு பெய்த பனி ஞாயிறு மாலையில் முழங்கால் அளவு இருந்தது. நடை நன்றாகவே முடிந்தது, ஆனால் காரை வெளியே எடுக்க மேலும் ஒரு நாள் ஆயிற்று. எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் அந்த இரவை எப்படிக் கழித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு, குளிர்காலத்தில் பனி அகற்றப்படும் சாலையின் ஓரத்திலிருந்து தொடங்கும் பாதைகளை மட்டுமே தேர்ந்தெடுக்கிறேன், அதற்காக இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடக்க நேர்ந்தாலும் சரி. எந்த வழி, எங்கே தங்கல், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பாதையின் நடுவே, ஏதாவது தவறினால் இறங்கிச் சாலையை அடையக்கூடிய வழி எங்கெங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வழிகூட இல்லாத வளையத்துக்குக் குளிர்காலத்துக்குப் புதியவரை நான் அழைத்துச் செல்லமாட்டேன்.

தடந்தேடி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு மாலைகள் வரைபடத்தோடு உட்கார்ந்ததில் ஒரு வளையம் கிடைத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளும் முகட்டுக்குப் போகும்போது கடந்து சென்ற குன்றுகளில்தான் அது இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. இரண்டு பகல்நேரப் பாதைகளுக்கு நடுவே 1.5 கிலோமீட்டர் பழைய மரவண்டித் தடம் இணைப்பாக அமைகிறது. மிக உயர்ந்த இடம் 710 மீட்டர். முதல் நாள் 11 கிலோமீட்டர், 420 மீட்டர் ஏற்றம். இரண்டாம் நாள் 8 கிலோமீட்டர், 150 மீட்டர் ஏற்றம். அலுவலகத்தில் கேட்டுவிட்டேன்: தங்க அனுமதி உண்டு, வேட்டைக்காலம் முடிந்துவிட்டது, இணைப்புத் தடமும் பொது நிலமே. முதல் நாள் தொலைவு அதிகமோ என்பதுதான் இப்போதைய ஐயம்.

சமஉயரக்கோடு (மறுமொழி):

கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் தொடக்கக் கணக்குக்குப் போதுமானது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் முதல் நாளுக்கு நடை 2 மணி 12 நிமிடம், ஏற்றம் 42 நிமிடம், ஆக 2 மணி 54 நிமிடம். இது சுமையில்லாமல் நல்ல தரையில் நடப்பவருக்கான கணக்கு. இரவு தங்கும் சுமைக்கும் இலை மூடிய தடத்துக்கும் நான் ஒன்றரை மடங்கு போடுவேன். ஏறக்குறைய 4 மணி 20 நிமிடம் ஆகும். ஓய்வுக்கு முக்கால் மணி நேரம் சேர்த்து, காலை 9 மணிக்கு நடக்கத் தொடங்கினால் 2.05-க்குத் தங்குமிடத்தை அடைவீர்கள். கூடாரம் 3.25-க்குள் நிற்க வேண்டும் என்பதால் தாராளமாக நேரம் இருக்கிறது.

ஆனால் கணுக்காலுக்கு மேல் பனி இருந்தால் இரண்டு மடங்கு போட வேண்டும். அப்போது 5 மணி 50 நிமிட நடை, ஓய்வையும் சேர்த்தால் 3.35 ஆகிவிடும், கூடாரத்தை அடிக்கும்போதே இருட்டத் தொடங்கும். எனவே பனியற்ற நாளுக்கு இந்த வளையம் பொருந்தும், பனி மூடிய நாளுக்குப் பொருந்தாது.

மெதுநடை (மறுமொழி):

அப்படியானால் பனி மூடிய நாளில் வளையத்தையே விட்டுவிடலாமே என்பது என் கருத்து. போன வழியிலேயே திரும்பும் நடையை நாம் ஏனோ இரண்டாம் தரமாகவே நினைக்கிறோம். குளிர்காலத்தில் அதற்கு ஒரு பெரும் நன்மை உண்டு: எந்த நிமிடத்தில் வேண்டுமானாலும் திரும்பலாம், திரும்பும் வழி முழுவதும் உங்கள் காலடிகளே பதிந்திருக்கும், எந்த இடம் வழுக்கும் என்பதும் தெரிந்திருக்கும். வளையத்தில் பாதியைத் தாண்டியபின் திரும்புவதைவிட முன்னே செல்வதே குறுகிய வழி என்று தோன்றும். அதுவரை யாரும் பார்க்காத பாதி அதுதான். சோர்ந்திருக்கும் ஒருவரை அந்தத் தெரியாத பாதிக்குள் அழைத்துச் செல்வதற்கு எனக்கு மனம் வராது.

வளையத்தைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், முதலில் சுமையில்லாமல் ஒரு பகல் நடையாக இணைப்புத் தடம்வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தடந்தேடி:

மெதுநடை சொன்னபடியே கடந்த ஞாயிறு சிறு பைகளுடன் போய்வந்தோம். எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது.

கூதிர் எழுதியதைத் தங்கை மிகவும் ஆர்வத்தோடு படித்திருந்தாள். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி, ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் ஓடையை அடைந்தோம். அங்கே வெப்பமானி மைனஸ் 6 காட்டியது. வரைபடத்தில் கோடுகள் விலகும் இடமாக நான் குறித்திருந்த படித்தளம் அங்கிருந்து 45 மீட்டர் மேலே இருந்தது. அங்கே பத்து நிமிடம் வைத்திருந்த பிறகும் மைனஸ் 2-க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று கூடாரங்கள் கொள்ளும் இடம், பின்னால் காற்றை மறைக்கும் பாறை, தென்கிழக்குப் பார்வை. 8 மணி அளவில் அங்கே வெயில் பட்டபோது கீழே ஓடை இன்னும் நீல நிழலில் கிடந்தது. இடத்தை முடிவு செய்தவள் அவள்தான்.

இணைப்புத் தடத்தின் முதல் ஒரு கிலோமீட்டர் தெளிவாக இருக்கிறது. அதன்பின் விழுந்த மரங்கள் பல. சுமையுடன் சுற்றிச் செல்ல அரை மணி நேரம் கூடுதலாக ஆகும் என்று மதிப்பிட்டோம். வரைபடத்தில் பாலம் என்று காட்டிய இடத்தில் பக்கச் சுவர்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. இப்போது நீர் கணுக்கால் அளவே இருப்பதால் கற்களின் மேல் கடந்துவிடலாம், ஆனால் கற்கள் உறைந்திருந்தால் கடக்க மாட்டோம். அதற்கு முந்நூறு மீட்டர் முன்னதாகவே சாலைக்கு இறங்கும் வழி ஒன்று பிரிகிறது, அதையும் குறித்துக்கொண்டோம்.

மரங்களால் கூடும் அரை மணி நேரத்தைச் சேர்த்தாலும் 2.35-க்குப் படித்தளத்தை அடைந்துவிடலாம். வரும் சனிக்கிழமை பனி இல்லாவிட்டால் வளையமாகச் செல்கிறோம். பனி கணுக்காலைத் தாண்டினால், அல்லது 12 மணிக்குள் பாலத்தை அடையாவிட்டால், பாலத்தைக் கடக்காமல் வந்த வழியே திரும்பி, காருக்கு 5 கிலோமீட்டர் தொலைவில் பார்த்துவைத்த மற்றொரு சமதளத்தில் தங்குவோம். பாலம் இடிந்திருப்பதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திவிட்டேன். விழுந்த மரங்களையும் குறித்திருக்கிறேன்.